ஊர் வரலாறு பேசும் கூட்டத்துக்கு வெளியிலிருந்து பணம் வாங்கலாமா?

மேலூர் வட்டாரத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வரவேண்டாம் என்று கேட்டிருப்பதால் சுருக்கித் தருகிறேன்.

அவர் தனியார் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தவர். மாமியாரைக் கவனித்துக்கொள்ள வேலையை விட்டிருக்கிறார். 2024 நவம்பரில் அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தது முதல் 2025 ஜனவரியில் அது ரத்தாகும் வரை அந்த வட்டாரத்தில் வேறு பேச்சே இல்லை. "நம்ம மலையில அப்படி என்னதான் எழுதியிருக்கு?" என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் இவர்களுடைய கூட்டம். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஊர்க் கிளை நூலகத்தில் மாலை நேரம். ஒரு வாரம் பெரியவர் ஒருவர் கண்மாய், மடை, நீர்ப் பங்கீடு பற்றிப் பேசுவார். இன்னொரு வாரம் கல்லூரி ஆசிரியர் யாராவது வந்து கல்வெட்டு வாசிக்கக் கற்றுக்கொடுப்பார். ஆண்டுக்கு இரண்டு முறை வேன் பிடித்து மாங்குளம் மலைக்குப் போய்வருகிறார்கள். முப்பது பேரில் ஆரம்பித்து இப்போது அறுபது பேர்வரை வருகிறார்களாம்.

செலவு ஆண்டுக்கு 48,000 ரூபாய். டீ, வடை, மைக் செட், பேச வருபவரின் பஸ் செலவு, நோட்டீஸ் என்று கூட்டத்துக்கு 1,800 ரூபாய். அப்புறம் இரண்டு வேன் பயணம். இவரும் மூன்று தோழிகளும் கைப்பணம் போட்டு, ஊரில் சிலரிடம் ஜிபே வழியாக வாங்கிச் சமாளித்துவந்தார்கள். இனி முடியவில்லை.

யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. நியூஜெர்சியில் இருக்கும் கொழுந்தனார், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர், நண்பர்களிடம் 3,000 டாலர் திரட்டி அண்ணன் கணக்குக்கு அனுப்புகிறேன் என்கிறார். அங்குள்ள மாநில ஹியூமானிட்டீஸ் கவுன்சில்கள் தரும் சிறு நிதியுதவிக்கு நீங்களே விண்ணப்பிக்கலாமே என்றும் சொல்கிறார். மதுரையில் ஒருவர், தன் டிரஸ்ட் பெயரில் அரசு நிதி வாங்கித் தருவதாகவும் 15 சதவீதம் தனக்கு வேண்டும் என்றும் சொல்லி, வெற்று வவுச்சர்களில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். கல்குவாரி நடத்தும் ஒருவர் 40,000 ரூபாய் தரத் தயார். மேடைக்குப் பின்னால் தன் பேனர் வேண்டுமாம். "பேசாம நாமே ஒரு டிரஸ்ட் போட்டுட்டா கவர்மெண்ட் பணம் தானா வரும்" என்பது கணவரின் கருத்து. இதற்கு நடுவில், நூலக அறை போதவில்லை, ஊர்ச் சாவடிக்கு மாற்றலாம் என்று குழுவில் சிலரும், 50 ரூபாய் கட்டணம் வைத்தால்தான் மதிப்பு என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். எதைச் செய்வது என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சங்கம், அறக்கட்டளை சம்பந்தமான வேலைகள்தான் பெரும்பாலும் என்னிடம் வருகின்றன. அமைப்பு இருக்கும், லெட்டர்பேடு இருக்கும், ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். ஆனால் கூட்டத்துக்கு ஆள் இருக்காது. உங்களிடம் ஆள் இருக்கிறார்கள். அதுதான் கிடைப்பதற்கு அரிது. எனவே பணத்தைத் தேடிப்போய் அந்தக் கூட்டத்தின் குணத்தை மாற்றிவிடாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல விரும்புவது. இப்போதைக்கு உங்களுக்கு டிரஸ்ட் தேவையில்லை. ஒழுங்கான ஒரு கணக்கு நோட்டு, இரண்டு பேர் கையெழுத்தில் இயங்கும் ஒரு வங்கிக் கணக்கு, உங்களைத் தன் கூரைக்கு அடியில் சேர்த்துக்கொள்ளும் ஒரு நல்ல நிறுவனம், இந்த மூன்றும் போதும்.

அமெரிக்கப் பணத்தை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்

மற்றதையெல்லாம் ஆற அமர யோசிக்கலாம். இதற்கு மட்டும் இன்றே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் நன்கொடையை 2010-ம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. எஃப்.சி.ஆர்.ஏ. என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பண்பாடு, கல்வி, பொருளாதாரம், சமயம், சமூகம் இவற்றில் ஒன்றைச் சார்ந்து வேலைத்திட்டம் வைத்திருக்கும் யாரும், மத்திய உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டுப் பணம் வாங்கக் கூடாது. "நாங்கள் பதிவே செய்யாத சின்னக் குழுதானே, எங்களுக்கு எப்படிப் பொருந்தும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பொருந்தும். தனிநபரும் பதிவு செய்யாத குழுவும் அந்தச் சட்டத்தின் கண்ணில் 'நபர்'தான். மீறினால் 5 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. நல்ல எண்ணத்தில் செய்த காரியத்துக்காக உங்கள் கணவர் விளக்கம் சொல்லிக்கொண்டு அலையக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

"அண்ணனுக்குத் தம்பி அனுப்புவதில் என்ன தப்பு?" என்று கொழுந்தனார் கேட்பது இயல்பு. வெளிநாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினரிடமிருந்து ஓர் ஆண்டில் 10 லட்சம் ரூபாய் வரை அரசுக்குத் தெரிவிக்காமலேயே வாங்கலாம் என்று 2022-ல் விதி திருத்தப்பட்டது உண்மை. அது குடும்பத்துக்கு. இங்கே நண்பர்கள் பணம் கலக்கிறது. போய்ச் சேரும் இடம் ஒரு பொது நிகழ்ச்சி. அண்ணன் கணக்கில் வந்து இறங்கி அங்கிருந்து உங்களுக்கு மாறினாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்பாகவேதான் இருக்கும்.

இதில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. இந்தியக் குடியுரிமையை விடாதவர்கள், கிரீன் கார்டு வைத்திருந்தாலும் சரி, தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது இந்தச் சட்டத்துக்குள் வராது. கொழுந்தனாரின் நண்பர்களில் அப்படிப்பட்டவர்கள் இருந்தால் அவர்கள் தனித்தனியாக, தங்கள் பெயரில் அனுப்பட்டும். இந்தியப் பாஸ்போர்ட் நகலை வாங்கி ஃபைலில் வையுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இந்தியக் குடியுரிமை ஆகாது. பலரும் தடுமாறும் இடம் இதுதான்.

முறைப்படி எஃப்.சி.ஆர்.ஏ. பதிவே வாங்கிவிடலாமே என்றால், அதற்குப் பொதுவாக 3 ஆண்டு இயங்கியிருக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் முக்கியப் பணிகளுக்குச் செலவு செய்திருக்க வேண்டும். முன் அனுமதி என்ற வழியில் குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட வேலை என்று காட்டி விண்ணப்பிக்கலாம். எதுவானாலும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்குத் திறந்தாக வேண்டும். ஆண்டுக்கு 48,000 ரூபாய் செலவாகும் ஒரு கூட்டத்துக்கு இவ்வளவு சுமை வேண்டாம்.

அமெரிக்க மாநிலக் கவுன்சில்களைப் பற்றிக் கேட்டீர்கள். 1965-ல் அந்த நாட்டில் தேசிய அளவில் ஒரு நிதி அமைப்பை உருவாக்கினார்கள். அதன் துணையோடு மாநிலங்களிலும் ஆட்சிப் பகுதிகளிலுமாக 56 கவுன்சில்கள் வந்தன. அந்தந்த மாநிலத்து நூலகம், அருங்காட்சியகம், சிறு சங்கங்களுக்கு வரலாறு, இலக்கியம், தத்துவம் சார்ந்த பொது நிகழ்ச்சி நடத்தச் சிறு தொகை கொடுப்பது அவற்றின் வேலைகளில் ஒன்று. 2025 ஏப்ரலில் மத்திய நிதி திடீரென்று வெட்டப்பட்டு அவையே தடுமாறிப்போயின. அந்தப் பணம் அந்த மாநிலத்து மக்களுக்கானது, மேலூருக்கு வராது. ஆனாலும் அவர்களுடைய விண்ணப்பங்களில் வழக்கமாக வரும் கேள்விகள் நல்ல கேள்விகள். நிகழ்ச்சி எல்லாருக்கும் திறந்ததா? துறை தெரிந்தவர் ஒருவராவது பொறுப்பில் இருக்கிறாரா? நீங்கள் உங்கள் பங்காகப் பணமோ உழைப்போ இடமோ என்ன போடுகிறீர்கள்? வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, குழுவாக உட்கார்ந்து பதில் எழுதுங்கள். இங்கே எந்தக் கதவைத் தட்டினாலும் அந்தத் தாள் உதவும்.

ஜிபேயில் வந்த பணம்

உங்கள் சொந்தச் சேமிப்புக் கணக்கில் இந்த ஆண்டு 38,000 ரூபாய் வந்திருக்கிறது என்கிறீர்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து பதிலுக்கு எதுவும் கொடுக்காமல் ஒரு நிதியாண்டில் வாங்கும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையும் உங்கள் வருமானமாகக் கணக்காகும். குவாரிக்காரரின் 40,000-ஐயும் அதே கணக்கில் வாங்கினால் 78,000 ஆகிவிடும். 'இது என் பணமில்லை, ஊர்க் கூட்டத்துக்காக வைத்திருந்தேன்' என்று சொல்லலாம். ஆதாரம் இருந்தால் எடுபடவும் கூடும். ஆனால் அந்த ஆதாரத்தை இப்போது உருவாக்குவதுதான் புத்திசாலித்தனம்.

பதிவு செய்யாத குழுவுக்கும் வங்கிக் கணக்குத் திறக்க முடியும். குழு கூடி, பெயர் வைத்து, யார் யார் கணக்கை இயக்குவார்கள் என்று தீர்மானம் எழுதி, பான் எண், கையெழுத்திடுபவர்களின் அடையாளச் சான்று எல்லாம் கொடுத்தால் ரிசர்வ் வங்கியின் விதிகளில் இடமுண்டு. கிளை மேலாளர் முதலில் தயங்குவார். அடுத்த கிளைக்குப் போங்கள், கூட்டுறவு வங்கியிலும் கேளுங்கள். அதுவரை வரும் பணத்துக்கு ரசீது போடுங்கள். நகல் உங்களிடம் இருக்கட்டும்.

கணக்கு நோட்டு என்றதும் உங்கள் தோழிகள் பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டும் மாங்குளம் கல்வெட்டு என்ன சொல்கிறது? 1882-ல் ராபர்ட் சுவெல் கவனத்துக்குக் கொண்டுவந்த அந்தத் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகளில் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. துறவிக்குச் செய்துகொடுத்த கொடை வருகிறது. வெள்ளறை வணிகக் குழுவின் பெயரும் வருகிறது. யார் கொடுத்தார், யாருக்கு, எதற்கு என்பதைக் கல்லில் வெட்டி எல்லாரும் பார்க்க வைத்துவிட்டார்கள். உங்கள் நோட்டிலும் இருக்க வேண்டியது அவ்வளவுதான். மாதக் கடைசியில் அதை நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். சந்தேகம் வருவதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

சதவீதம் கேட்கும் நபர்

அவரிடம் போகாதீர்கள். வெற்று வவுச்சரில் ஒரு கையெழுத்துகூடப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் எந்தத் தேதியில் எத்தனை கொடுத்தீர்கள் என்று குறிப்பிட்டு, திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். அரசு நிதி வாங்கியவர் வேலை முடிந்ததும் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். 15 சதவீதத்தை அவர் எடுத்துக்கொண்டால், அந்தப் பணமும் டீயாகவும் வேன் வாடகையாகவும் செலவானதாகக் காட்டியாக வேண்டும். அந்தப் பொய்யில் உங்கள் கையெழுத்து இருக்கும்.

ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நேர்மையான நிறுவனம் உங்கள் திட்டத்துக்குப் பொறுப்பேற்கும்போது கணக்காளர் சம்பளம், தணிக்கை என்று ஒரு நிர்வாகச் செலவு கேட்கலாம். அது திட்ட மதிப்பீட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். பணம் கொடுப்பவருக்கும் தெரியும். மறைத்து எடுப்பதும் எழுதிவைத்து எடுப்பதும் ஒன்றல்ல.

டிரஸ்டா, சங்கமா?

உங்கள் கணவர் நினைப்பதுபோல் பதிவு செய்ததும் பணம் வந்துவிடாது. விண்ணப்பிக்கும் தகுதியில் ஒரு பகுதிதான் பதிவு. பெரும்பாலான இடங்களில் சில ஆண்டு இயங்கிய அனுபவம், தணிக்கை செய்த கணக்கு, தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் பதிவு எண் எல்லாம் கேட்பார்கள். அமைப்புக்கும் கொடை தருபவருக்கும் வரிச் சலுகை கிடைப்பதற்கான வருமான வரிப் பதிவு தனி வேலை. ஊரில் எல்லாரும் 12ஏ, 80ஜி என்று சொல்வது அதைத்தான். 2025-ல் வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன என்பதால் ஆடிட்டரிடம் புது எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு ஒருநாள் பதிவு செய்வதென்றால், உங்களுக்குச் சங்கம்தான் பொருந்தும் என்பது என் எண்ணம். டிரஸ்ட் சுலபம்தான்: பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, சிலரே நடத்திக்கொள்ளலாம். அந்தச் சுலபத்தில்தான் எனக்குத் தயக்கம். ஊர் கூடி வளர்த்த ஒன்று, பத்திரத்தில் பெயர் இருக்கும் இரண்டு மூன்று பேரின் சொத்துபோல ஆகிவிடும். நாளைக்குப் பேச்சுவார்த்தை முறிந்தால் மற்றவர்களுக்குக் கேட்க வழியிருக்காது. 1975-ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் குறைந்தது 7 உறுப்பினர்கள் வேண்டும். பொதுக்குழு கூட்ட வேண்டும். நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளருக்குக் கொடுக்க வேண்டும். அலைச்சல்தான். ஆனால் எல்லாருக்கும் பதில் சொல்லும் அமைப்பாக இருக்கும். உங்கள் நால்வரைத் தவிர இன்னும் மூன்று பேர், ஓர் ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்க்கவும் பாய் விரிக்கவும் வந்தால் அப்போது பதிவு செய்யுங்கள்.

எங்கே கேட்கலாம்

முதல் இடம் நீங்கள் உட்கார்ந்திருக்கும் நூலகமேதான். தமிழ்நாட்டுப் பொது நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற ஏற்பாடு இருக்கிறது. 1948-ம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நாம் கட்டும் நூலக வரியில்தான் இந்த நூலகங்கள் நடக்கின்றன. ஆகவே அங்கே கேட்பது சலுகை கேட்பதாகாது. உங்கள் கூட்டத்தை வாசகர் வட்டத்தின் நிகழ்ச்சியாக ஆக்க முடியுமா என்று நூலகர் வழியாக மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதுங்கள். பணம் பெரிதாக வராவிட்டாலும் இடம், நாற்காலி, அதிகாரபூர்வ அழைப்பு மூன்றும் உறுதியாகும். மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் கூட்ட அரங்குகள் இருக்கின்றன. ஆண்டில் ஒரு நிகழ்ச்சியை அங்கே நடத்திப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பெரியவர் நகரத்து அரங்கில் மடைக் கணக்கைப் பேசுவதை நகரத்துப் பிள்ளைகளும் கேட்கட்டும்.

இரண்டாவது, கல்லூரிகள். அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, லேடி டோக் கல்லூரி, காமராசர் பல்கலைக்கழகம் என்று நம்மைச் சுற்றி வரலாறும் தமிழும் கற்பிக்கும் துறைகள் எத்தனை இருக்கின்றன! ஒரு துறையோ நாட்டு நலப்பணித் திட்ட அணியோ உங்கள் கூட்டத்தைத் தன் திட்டமாக ஏற்றால், கருத்தரங்கு, களப் பயணம் என்ற தலைப்புகளில் கல்லூரி தானே விண்ணப்பிக்க முடியும். உங்களிடம் ஏற்கெனவே வந்துபோகும் ஆசிரியரிடமே முதலில் கேளுங்கள். இந்த ஏற்பாட்டில் பணம் உங்கள் கைக்கு வரவேண்டாம். பில்லைக் கொடுங்கள், அவர்கள் நேரடியாகக் கட்டட்டும். நல்ல டிரஸ்ட் ஒன்று ஏற்றுக்கொண்டாலும் இதே முறைதான். உங்களுக்கு நன்கொடையாகத் தள்ளிவிடாமல், தன் சொந்த நிகழ்ச்சியாகவே செலவு செய்வதுதான் வரிக் கணக்கில் அவர்களுக்கும் சிக்கலில்லாதது. யார் என்ன செய்வது, பதிவுகள் யாரிடம் இருக்கும் என்று இரண்டு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, கொஞ்சம் தொலைவில் இருப்பவை. மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் கலா சன்ஸ்கிருதி விகாஸ் திட்டத்தில் நிகழ்ச்சிகளுக்கான நிதியுதவி ஒன்று உண்டு. பொதுவான உச்சவரம்பு 5 லட்சம் ரூபாய். கருத்தரங்கு, பட்டறை, விழா, கண்காட்சி எல்லாம் அதில் அடங்கும். பதிவுபெற்ற அமைப்புகளுக்கே அது, எனவே ஏற்கும் நிறுவனம் வழியாகத்தான் போக முடியும். பெங்களூரில் 1993-ல் தொடங்கிய இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் தனிநபர்களுக்கே நிதி தருகிறது. இந்திய மொழிகளில் எழுதி அனுப்பலாம். அவர்கள் மாதாந்திரக் கூட்டத்துக்குத் தர மாட்டார்கள். கண்மாய் வாய்மொழி வரலாற்றைத் தொகுப்பது போன்ற ஓர் ஆய்வை உங்களில் ஒருவர் எடுத்தால் பொருந்தக்கூடும். பெரிய கம்பெனிகள் சமூகப் பணிக்காக ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்தைப் பலரும் சொல்வார்கள். 2013 கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பாரம்பரியம், கலை, பண்பாடு, பொது நூலகம் எல்லாம் இருக்கிறது. ஆனால் பதிவும் வரிப் பதிவும் சில ஆண்டு அனுபவமும் உள்ள அமைப்புக்குத்தான் கொடுப்பார்கள்.

யாரிடம் கேட்டாலும் 'எங்கள் ஆண்டுச் செலவைக் கொடுங்கள்' என்று கேட்காதீர்கள். ஒரு துண்டை மட்டும் வெட்டிக் கேளுங்கள். ஆறு மாதம், ஆறு கூட்டம், ஒரு மலைப் பயணம், கடைசியில் ஊர்க் கண்மாய்களைப் பற்றி ஒரு சிறு புத்தகம், அதன் பிரதிகள் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு. இதற்கு என்ன ஆகும் என்று மதிப்பீடு போடுங்கள். அதில் உங்கள் பங்கையும் எழுதுங்கள்: நூலகம் வாடகை இல்லாமல் தரும் அறை, நீங்கள் நால்வரும் கொடுக்கும் நேரம், பணம் வாங்காமல் பேசும் பெரியவர். இதையெல்லாம் 'சும்மா செய்வதுதானே' என்று விட்டுவிடுகிறோம். பணம் கொடுப்பவர் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

'அனைவரும் வருக' என்று நோட்டீஸில் போட்டால்

சாவடிக்கு மாற்றும் யோசனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். அறை போதவில்லை என்பது நல்ல சிக்கல். ஆனால் சாவடியில் யார் தயங்காமல் ஏறி உட்காருவார்கள், யார் கீழே நின்று கேட்டுவிட்டுப் போவார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். காலனித் தெருவிலிருந்து பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வருகிறார்கள், அவர்களில் ஒரு பெண்தான் எழுத்துகளை எல்லாரையும்விட வேகமாகப் படிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண்ணும் அவள் தாயும் சாவடித் திண்ணையில் நடுவில் உட்கார முடியுமா? ஆம் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடிந்தால் மாற்றுங்கள். ஒரு நொடி தயங்கினாலும் நூலகத்தை விடாதீர்கள். இட நெருக்கடியைத் தாங்கிக்கொள்ளலாம், வாசலில் ஜமக்காளம் விரிக்கலாம், பள்ளி வளாகத்தைக் கேட்கலாம்.

பொதுப் பயன்பாட்டுக்கான இடங்களில் சாதியைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 15(2)-வது பிரிவு சொல்கிறது; 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது. யாரும் வாய் திறந்து தடுக்கமாட்டார்கள்தான். பார்வையே போதும், அடுத்த வாரம் வரமாட்டார்கள். கண்மாய் வரலாறு பேசும்போது மடை திறந்தவர்கள், கரை காத்தவர்கள், மண் வெட்டியவர்கள் யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குச் சொந்தக்காரர்கள் அறையில் இல்லாமல் அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம்?

கட்டணம் வேண்டாம் என்பதும் இதனால்தான். இலவசமாகக் கிடைத்தால் மதிப்பு இருக்காது என்பதை உங்கள் கூட்டமே பொய்யாக்கியிருக்கிறது. முப்பது அறுபதானது கட்டணம் வைத்தா? நான்கு பேர் வரும் வீட்டுக்கு 50 ரூபாய் என்பது 200 ரூபாய். பொது நிதி தருபவர்களும் நிகழ்ச்சி எல்லாருக்கும் திறந்திருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். உண்டியல் ஒன்று வையுங்கள். கூட்டம் முடிந்ததும் இரண்டு பேர் எண்ணி, நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் பார்த்து நேரத்தை வைத்தால் பெண்கள் இன்னும் கூடுதலாக வருவார்கள்.

மிச்சமுள்ள சில

குவாரிக்காரரின் 40,000 ரூபாய்: சட்டம் தடுக்கவில்லை. காசோலையாக வாங்கி ரசீது கொடுத்தால் தப்பில்லை. என் கருத்தைக் கேட்டால், வாங்காதீர்கள். மலையைப் பற்றிப் பேசும் மேடைக்குப் பின்னால் அந்தப் பேனர் தொங்கினால், அவர் ஒரு வார்த்தை சொல்லாமலே நீங்கள் சிலவற்றைப் பேசாமல் விட்டுவிடுவீர்கள். மரியாதையாக நன்றி சொல்லி, நூலகத்தின் புரவலர் திட்டத்தில் சேரச் சொல்லுங்கள். அவர் கொடை நூலகத்துக்குப் போகும்.

பணம் வசூலிக்கும் அரசுப் பள்ளி ஆசிரியை: உங்கள் குழுவில் இப்படி ஒருவர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவரை இன்றே அந்தப் பொறுப்பிலிருந்து விடுவியுங்கள். அரசு ஊழியர்கள் நிதி திரட்டுவதில் ஈடுபட நடத்தை விதிகளில் கட்டுப்பாடு உண்டு. முன் அனுமதி வாங்காமல் செய்தால் ஒரு மொட்டைக் கடிதம் போதும், அவர் விளக்கம் எழுத வேண்டிவரும். அவர் பாடம் நடத்தட்டும், கணக்கை வேறொருவர் பார்க்கட்டும்.

பெரியவர்களின் பேச்சையும் பாட்டையும் போனில் பதிவு செய்கிறீர்கள். பாடுபவருக்குத் தன் பாட்டின் மேல் உரிமை உண்டு. பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநர் உரிமை என்று அதைத் தனியாகவே காக்கிறது. எங்கே வெளியிடுவீர்கள், எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்று தமிழில் நாலு வரி எழுதிப் படித்துக்காட்டி ஒப்புதல் வாங்குங்கள். ஒரு பிரதியை அவர் வீட்டுக்குக் கொடுங்கள். பிள்ளைகளின் படங்களுக்குப் பெற்றோரைக் கேளுங்கள்.

மைக் செட் வைத்தால் காவல் நிலையத்தில் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடாது. மலைப் பயணத்தில் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற பலகை இருக்கும் இடங்களில் போய்ப் பார்க்கலாம். உட்கார்ந்து கூட்டம் நடத்துவதென்றால் அந்தப் பலகையில் பெயருள்ள தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். எழுத்துகளின் மேல் சாக்பீஸ் தேய்த்துப் படிக்க யாரையும் விடாதீர்கள்.

முதல் வேலையாக, அடுத்த கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாள் கூடுகிறது. இந்தக் கூட்டம் ஊரில் நடக்கிறது, எல்லாரும் வரலாம், நூலகத்திலோ பள்ளியிலோ நடத்த ஊராட்சி ஒத்துழைக்கும் என்று தீர்மானம் கொண்டுவரச் சொல்லி, நகலைக் கையொப்பத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்ட நூலக அலுவலருக்கும் கல்லூரிக்கும் எழுதும் கடிதத்தில் அதை முதல் இணைப்பாக வையுங்கள். ஒப்பந்தத்தின் வரைவு தயாரானதும் எனக்கு அனுப்பினால் படித்துத் திருத்தித் தருகிறேன். அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.